‘ஒரே இழுப்பில் எல்லாம் போச்சு’ என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழில் பிள்ளைகளும் கஞ்சாவும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு தடவை இழுத்தாலே மூளை கலங்கிவிடும், வாழ்க்கை அத்தோடு முடிந்தது என்ற இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. கிட்டத்தட்ட அதே வசனத்தை என் மகனிடம் நானும் பேசியிருக்கிறேன். அது எப்படிக் கவிழ்ந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவனுக்கு அப்போது 15 வயது. ஏதோ ஒரு செய்தியைப் பார்த்துப் பதறிப்போய் அவனை எதிரில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினேன். நடுவில் அழவும் செய்தேன். அவன் தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். லேபிள் முழுசாக உரிந்து கையோடு வந்ததும், “சரிம்மா” என்று எழுந்து போய்விட்டான். நல்லபடியாகப் புரியவைத்துவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு வருஷம் கழித்து, துவைத்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது அவனாகவே சொன்னான். அவன் வகுப்பில் ஒரு பையன் ரொம்ப நாளாகவே கஞ்சா பிடிக்கிறானாம். கணக்கில் அவன்தான் முதல் மார்க்காம். “நீ சொன்ன மாதிரி அவனுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா. அப்போ மத்ததும் சும்மா பயமுறுத்தத்தான் சொன்னியோன்னு நினைச்சேன்.”

மிகைப்படுத்தினால் வரும் கஷ்டம் இதுதான். பிள்ளைகள் நாம் சொல்வதை நேரில் பார்ப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒன்று பொய் என்று தெரிந்துவிட்டால், அதோடு சேர்த்துச் சொன்ன உண்மைகளும் குப்பைக்குப் போய்விடும். அன்றைக்கு அவனிடம் நான் ஒத்துக்கொண்டேன். “ஒரு தடவை பிடிச்சா எல்லாம் முடிஞ்சதுன்னு நான் சொன்னது தப்புதான். எது நிஜமோ அதை ரெண்டு பேரும் சேர்ந்து தேடிப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். ஒரு சட்டையை மூன்று முறை பிரித்து மடித்தான். அப்புறம் “ம்” என்றான்.

தேடினோம். முதலில் அவனை நிமிர்ந்து உட்காரவைத்தது ஒரு பெயர். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளை 1964-இல் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பல வருஷம் கழித்து, 1992-இல், அதே வேலையைச் செய்கிற ஒரு பொருள் நம் மூளையிலேயே சுரக்கிறது என்று கண்டுபிடித்து, ஆனந்தம் என்ற சொல்லை எடுத்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். மூளை அதைத் தேவைப்படும் இடத்தில் கொஞ்சமாகச் சுரந்து, வேலை முடிந்ததும் உடனே சிதைத்துவிடும். ஆனந்தமைடு மூளையின் ஒரு பூட்டைத் திறக்கிற சாவி என்றால், டி.எச்.சி. அதே பூட்டில் நுழைகிற கள்ளச்சாவி. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நுழையும், சீக்கிரம் வெளியே வராது. பெரியவர்களுக்கே இது ஒரு குழப்பம். வளர்கிற வயதில் இன்னும் மோசம், ஏனென்றால் மூளையின் இணைப்புகளைச் சீரமைப்பதிலும் இந்தப் பூட்டு-சாவி அமைப்புக்குப் பங்கு உண்டு. அந்தச் சீரமைப்பு இருபதுகளின் நடுப்பகுதி வரை நடக்கிறது. முன்யோசனைக்கான பகுதிதான் கடைசியில் முதிர்கிறது. “பாதி கட்டின வீட்டுல யாராவது சுவரை இடிச்சு விளையாடுவாங்களா?” என்று நான் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. உவமை சொன்னாலே அவன் முகம் லேபிள் சுரண்டின முகமாகிவிடும்.

பழக்கமாகிவிடுமா என்று அவனே கேட்டான். பயன்படுத்துகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அதை விடமுடியாத நிலைக்குப் போகிறார். பதின்வயதில் தொடங்கியவர்கள் என்றால் சுமார் ஆறில் ஒருவர். “அப்போ ஆறுல அஞ்சு பேருக்கு ஒண்ணும் ஆகாது” என்றான் உடனே. ஆமாம், அந்த வகையில் அப்படித்தான் என்றேன். அந்த ஆறாவது ஆள் யார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதை அடுத்த நாள் அவனே சொன்னான். நான் சொல்லியிருந்தால் அது எடுபட்டிருக்காது.

புத்தி மழுங்குமா என்ற கேள்விக்கு இரண்டு பக்கத்தையும் காட்டினேன். நியூசிலாந்தின் டனிடின் நகரில் பிறந்த சுமார் ஆயிரம் பேரைச் சிறு வயதிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2012-இல் வந்தது. பதின்வயதில் தொடங்கிப் பல வருஷம் விடாமல் அதிகம் பயன்படுத்தியவர்களுக்கு நுண்ணறிவு அளவு (ஐ.க்யூ.) 8 புள்ளி வரை குறைந்திருந்தது என்றது அது. 2016-இல் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்விலோ, பிடித்தவருக்கும் பிடிக்காத உடன்பிறப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. “அப்போ இன்னும் முடிவாகலையா?” என்றான். முடிவாகவில்லை. முடிவாகாததை முடிவாகவில்லை என்று ஒரு தடவை சொன்ன பிறகுதான், முடிவான விஷயங்களை நான் சொன்னபோது அவன் நம்பினான்.

முடிவான விஷயங்கள் என்று எடுத்தாலே போதுமான அளவு இருக்கிறது. போதையில் இருக்கும்போது நினைவாற்றலும் கவனமும் தடுமாறும், வண்டி ஓட்டினால் ஆபத்து. குடும்பத்தில் யாருக்காவது கடுமையான மனநோய் இருந்தால், கஞ்சா அதைத் தூண்டிவிடும் அபாயம் கூடுதல். இது எங்கள் வீட்டுக்குப் பொருந்துவதால் மறைக்காமல் சொல்லிவிட்டோம். இன்றைய சரக்கு பழைய சரக்கு இல்லை. அமெரிக்காவில் பறிமுதல் செய்த மாதிரிகளில் 1990-களின் நடுவில் சுமார் 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி. இப்போது 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. வேப் என்கிற மின்சிகரெட்டில் போடும் சாற்றில் அது இன்னும் பல மடங்கு. அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது. 2019-இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்தி நுரையீரல் கெட்டுப்போன கொத்துக் கொத்தான நோயாளிகளில் பெரும்பாலானோர் டி.எச்.சி. வேப் இழுத்தவர்கள். அடர்த்திக்காகக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள்.

“கனடாவுல சட்டப்படி விக்கிறாங்களே?” என்று ஒரு நாள் வந்தான். 2018 முதல் விற்கிறார்கள், உண்மைதான். அங்கேயும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது, பெரும்பாலான மாகாணங்களில் வரம்பு இன்னும் அதிகம், கியூபெக்கில் 21. அனுமதித்த நாடே பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்கிறது. இந்த ஒன்றில் மட்டும் அவனிடம் பதில் இல்லை. எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

என் மகளுக்கு 11 வயது. அவளிடம் இதையெல்லாம் இப்படிச் சொல்ல முடியாது. அண்ணன் பேசுவதைக் கேட்டுவிட்டு, “கஞ்சான்னா செடிதானேம்மா, செடி எப்படிக் கெட்டதாகும்?” என்று கேட்டாள். ஊமத்தையும் செடிதான் என்றேன். அந்த வயதுக்கு அது போதும். கூடவே ஒன்றைச் சொல்லிவைத்தேன்: சாக்லேட், மிட்டாய் வடிவத்திலும் இது இருக்கிறது, தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஏறும், ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்றைத் தின்றுவிட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். யார் கொடுத்தது என்று தெரியாததை வாயில் போடக் கூடாது. தெரியாமல் தின்று ஏதாவது ஆனால் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும், திட்டு விழாது.

“திட்டு விழாது” என்பதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். மகனோடு ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கிறேன். எங்காவது நண்பர்கள் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற நிலை வந்தால், “பாட்டிக்கு எப்படி இருக்கு?” என்று எனக்கு மெசேஜ் போட வேண்டும். நான் உடனே போன் செய்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, வீட்டுக்கு வா என்று கத்துவேன். கெட்ட பெயர் எனக்கு, தப்பிக்கிற வழி அவனுக்கு. அன்று இரவு கேள்வி கேட்க மாட்டேன், மறுநாள் பேசுவோம். இரண்டு முறை பயன்பட்டிருக்கிறது. மூன்றாவது முறை வந்தபோது நான் கத்தோ கத்து என்று கத்தினேன். பாட்டிக்கு நிஜமாகவே காய்ச்சலாம், அதைத்தான் கேட்டிருக்கிறான்.

என் கணவரிடம் அவன் நேரடியாகவே கேட்டான்: “நீங்க பிடிச்சிருக்கீங்களாப்பா?” அவர் என்னைப் பார்த்தார். நான் துணி மடிப்பதில் மும்முரமானேன். காலேஜில் இரண்டு முறை பிடித்திருக்கிறார். இரண்டாவது முறை நெஞ்சு படபடவென்று அடித்து, செத்துவிடுவோமோ என்று விடியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதை அப்படியே சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

எல்லா வீட்டிலும் பேச்சு இவ்வளவு முன்னாலேயே தொடங்கிவிடாது. பிள்ளை ஏற்கெனவே பிடிக்கிறான் என்று தெரியவரும் வீடுகளும் உண்டு. கட்டுரை அவர்களுக்குச் சொன்னது, கண் சிவந்திருக்கிறதா பாருங்கள், பையைச் சோதியுங்கள் என்பதுதான். ராத்திரி முழுக்க போன் பார்த்தாலும் கண் சிவக்கும். போதையில் இருக்கும்போது கத்திப் பயனில்லை, தெளிந்த பிறகு பேச வேண்டும். எதற்காகப் பிடிக்கிறான் என்று கேட்க வேண்டும். தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று பதில் வந்தால் பார்க்க வேண்டியது அந்தத் தூக்கத்தையும் பயத்தையும். தினமும் பிடித்தவன் நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு வாரம் எரிந்து விழுவான், சாப்பிட மாட்டான், தூங்க மாட்டான். திமிர் என்று நினைத்துப் பெற்றோர் சண்டைக்குப் போய்விடுகிறார்கள். அந்த நேரத்தில் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த விஷயத்தை எடுக்கும்போது, பிள்ளைகளையே கேள்வி கேட்கவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பதில் சொல்லச் சொல்லுங்கள். முதல் கேள்வி என் மகளுடையது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்: “என் ஃப்ரெண்டு பிடிக்கிறான்னு தெரிஞ்சு அவங்க அம்மாகிட்ட சொன்னா, அது கோள் சொல்றதா?” நானும் என் கணவரும் ஆளுக்கொரு பதில் சொல்லி, அதிலேயே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய், உங்கள் வாசகி