இன்ஹேலர்: பயம் ஓரிடத்தில், பிழை வேறிடத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பிடித்தால் பழகிவிடும், பிறகு விடவே முடியாது’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை அஞ்சாமல் விழுங்குகிறோம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். ஸ்டீராய்டு இன்ஹேலரில் ஒரு பஃப் (ஒரு முறை உள்ளிழுக்கும் மருந்து) பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம்தான். இரண்டின் வீரியமும் ஒன்றல்ல என்பது சரி. ஆனால் மாத்திரை உடல் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் மூச்சுக்குழாய்க்கு வருகிறது. இன்ஹேலர் நேரே போய்ச் சேர்கிறது.

சரியாகப் பிடித்தால்தான் சேரும். பிழை நடப்பது இங்கேதான். அழுத்தினால் மருந்து பீறிடும் வகையை முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை இறுக மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். பிறகு 10 விநாடி மூச்சை அடக்க வேண்டும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி தேவை. வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையில் மோதி அங்கேயே தங்கிவிடும். கேப்சூல் போட்டு இழுக்கும் பொடி வகைக்கு இது நேர்மாறு: பலமாகவும் ஆழமாகவும் இழுத்தால்தான் பொடி கலைந்து உள்ளே போகும். கையும் மூச்சும் ஒத்துவராதவர்களுக்கு, இன்ஹேலரின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குடுவை போதும். அதைச் சோப்பு நீரில் கழுவித் துடைக்காமல் காய வைக்கவேண்டும். துணியால் தேய்த்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெண்படலம் வரலாம்.

வீசிங் வந்தால் மட்டும் நீல நிற இன்ஹேலரைத் தேடுவது இன்னொரு பிழை. அது குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. அதனால்தான் ஆஸ்துமாவுக்கு அதை மட்டும் நம்பக்கூடாதென்று 2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டி ‘ஜினா’ மாற்றி எழுதியது.

ஆஸ்துமாவா, வேறு நுரையீரல் நோயா என்பதையும் ஸ்டெதஸ்கோப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஸ்பைரோமெட்ரி கருவியில் முழு மூச்சையும் ஊதி, முதல் விநாடியில் எவ்வளவு வெளியேறியது என்று பார்க்கிறார்கள். மொத்தத்தில் அது 70 சதவீதத்துக்கும் குறைவென்றால் அடைப்பு இருக்கிறது. சால்பியூட்டமால் (நீல இன்ஹேலரில் உள்ள மருந்து) கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதும்போது, அந்த முதல் விநாடி அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் ஆஸ்துமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். எம்பிசிமா என்ற நுரையீரல் நோயில் காற்றறைகளின் சுவரே சிதைந்திருப்பதால் அடைப்பு முழுதாக விலகாது. புகையை நிறுத்தினால் சரிவின் வேகம் குறையும், இழந்தது திரும்பாது. ஆஸ்துமாக்காரருக்கு நல்ல நாளில் சோதனை சரியாகவே வரலாம். அவர் இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதிக் குறித்து வைத்தால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் சி.ஓ.பி.டி. (எம்பிசிமா போன்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) நோயாளிக்கு மூச்சு முட்டும்போது ஆக்சிஜன் அளவை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். அவர்களுக்கு ரத்த ஆக்சிஜன் அளவின் வழக்கமான இலக்கு 88 முதல் 92 சதவீதம் வரைதான். அதற்கு மேல் போனால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரக்கூடும். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறல் தொடரும்போது வீசிங் சத்தம் மட்டும் நின்றால் அது குணமல்ல. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்