பந்து கைக்குப் பெரிதென்றால் விரல்தான் நோகும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு மார்ச்சிலும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கும் கிரிக்கெட் போட்டியான 'வடக்கின் பெரும் போர்' முடிந்த கையோடு, மத்திய கல்லூரி மைதானத்தில் பெரிய பெடியன்கள் பந்து போட்டதைப் பார்த்துவிட்டு வந்த சின்னப் பிள்ளைகள் தங்களுக்கும் கடினப்பந்து வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள், அப்பாமாரும் கடைக்கு வந்து "நல்ல பந்தா ஒண்டு தாங்கோ" என்பார்கள். நல்ல பந்து என்றால் முழு அளவுப் பந்துதான் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்ச நாளில் பிள்ளைக்கு விரல் நோகத் தொடங்கும். இந்த மடல் அதைப் பற்றியது.

கடினப்பந்து ஒரே அளவில் வருவதில்லை. கிரிக்கெட் விதிகளின்படி ஆண்களின் பந்து 155.9 முதல் 163 கிராம் வரை, சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்ரிமீற்றர் வரை. பெண்களுக்கு 140 முதல் 151 கிராம். 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம், சுற்றளவும் 20.5 முதல் 22 சென்ரிமீற்றர் வரைதான். பந்தில் பெரும்பாலும் இவை முறையே 5½, 5, 4¾ அவுன்ஸ் என்று அடித்திருக்கும், வாங்கும்போது அதைப் பாருங்கள். ஒழுங்கையில் ரெனிஸ் பந்தோடு வளர்ந்த பிள்ளையின் கைக்கு 58 கிராம் அளவுதான் பழக்கம். அந்தக் கையில் முழு அளவுப் பந்தைக் கொடுத்தால் பாரம் இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது, பருமனும் கூடுகிறது.

அதிகம் கஷ்டப்படுவது சுழல் போடுகிற பிள்ளைகள். விரலால் சுழற்றுகிற ஓஃப் ஸ்பின்னுக்குச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் தையலுக்குக் குறுக்கே அகட்டிப் பிடிக்க வேண்டும், பந்தைத் திருப்புவது பெரும்பாலும் சுட்டுவிரல்தான். பந்து பெரிதானால் விரல்கள் தாங்கும் அளவுக்கு மேல் அகலும், இடையில் உள்ள தோல் இழுபடும், ஒவ்வொரு பந்துக்கும் சுட்டுவிரல் மூட்டில் பாரம் விழும். அதைத் தவிர்க்கப் பிள்ளை தானாகவே பந்தை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடிக்கும். பிறகு பந்து திரும்பாது, திரும்பவில்லையே என்று இன்னும் இறுக்கிப் பிடிக்கும், நோவும் கூடும். மணிக்கட்டால் சுழற்றுகிற லெக் ஸ்பின்னில் அந்தப் பாரம் மடித்து வைத்த மோதிரவிரலுக்குப் போகும். வேகப்பந்து போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

எல்லா நோவும் ஒன்றல்ல. புதிதாகச் சுழல் பழகுகிறவர்களுக்கு சுட்டுவிரலின் பக்கத்துத் தோல் எரிவதும் கொப்பளிப்பதும் வழக்கம், ஓய்வு கொடுத்தால் ஆறும், நாளடைவில் தோல் தடிக்கும். ஆனால் மூட்டு வீங்கினாலோ, காலையில் விரலை மடக்க முடியாவிட்டாலோ பந்து போடுவதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள், தைலம் போட்டு உருவ வேண்டாம், வளர்கிற எலும்பு அது. பிளாஸ்ரர் சுற்றிக்கொண்டு போடலாம் என்றும் எண்ண வேண்டாம், போட்டியில் அதற்கு நடுவரின் அனுமதி வேண்டும், நோவின் காரணமும் அதனால் போகாது.

வளருகிற பிள்ளைதானே என்று பள்ளிக்கூடச் சட்டையை ஓரளவு பெரிதாக எடுப்பது போல பந்தையும் எடுக்காதீர்கள். லண்டனிலிருந்து மாமா ஆசையாகக் கொண்டுவந்த பந்து முழு அளவு என்றால் அலுமாரியில் பத்திரமாக இருக்கட்டும், அதற்குரிய வயது வரும். பெண் பிள்ளைகளுக்கு அண்ணாவின் பழைய பந்தைக் கொடுக்கும் வழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள், அவர்களுக்கென்றே பந்து இருக்கிறது. அணியில் எந்தப் பந்தில் ஆடுகிறார்கள் என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். அங்கே பெரிய பந்துதான் என்றால்கூட, வீட்டில் விரல் பிடியைப் பழகச் சின்னப் பந்து போதும்.

அதனால் வரும்போது பிள்ளையையும் கூட்டிவாருங்கள். பெட்டியை நாங்களே திறந்து கையில் கொடுப்போம், வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. சுழல் பிடியில் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்: பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும், விரல்களுக்கு இடையில் உள்ள தோல் வெளிறக் கூடாது, கையைக் கவிழ்த்தாலும் இறுக்காமலே பந்து நிற்க வேண்டும். மூன்றில் ஒன்று சரிவராவிட்டால் அந்தப் பந்தை வாங்க வேண்டாம் என்று நாங்களே சொல்லுவோம். ஏற்கெனவே எங்களிடம் பெரிய பந்து வாங்கியிருந்தால், அது இன்னும் தரையில் படாமல் இருந்தால் பெட்டியோடு கொண்டுவாருங்கள், சின்னதாக மாற்றித் தருகிறோம், விலையில் வித்தியாசம் இருந்தால் மிச்சக் காசையும் தருவோம்.