தணிக்கையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, சக உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நம் படிப்பு வட்டம் இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட விஷயத்தை மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன்: நிதித் தகவலைக் கணினிக்கும் பொருள் புரியும்படி எழுதுவது.

பட்டியலிட்ட கம்பெனிகளும், செலுத்திய மூலதனம் 5 கோடி அல்லது விற்றுமுதல் 100 கோடி ரூபாயைத் தொட்டவையும் (வங்கி, காப்பீடு போன்றவை நீங்கலாக) 2010-11 நிதியாண்டிலிருந்து எக்ஸ்பிஆர்எல் (ஒவ்வொரு எண்ணோடும் அது எதைக் குறிக்கிறது என்ற அடையாளத்தை ஒட்டி எழுதும் கணினி மொழி) வடிவில் கணக்குத் தாக்கல் செய்கின்றன. அந்த வேலையை முழுக்க மென்பொருள்காரரிடம் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சிக்கு எடுத்த மாதிரி பேலன்ஸ் ஷீட்டில் டிரேட் ரிசீவபிள்ஸ் (வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கி) 385 என்று இருந்தது. மேல் மூலையில் ‘ரூபாய் லட்சத்தில்’ என்ற குறிப்பு. நம் கண் இரண்டையும் சேர்த்தே படித்துவிடும். எக்ஸ்பிஆர்எல் கோப்பிலோ அந்த எண்ணோடு கம்பெனி, தேதி, நாணயம், கணக்குத் தலைப்பு எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். மதிப்பும் 3,85,00,000 என்றே போக வேண்டும். 385 என்றே போனால் பாக்கி வெறும் 385 ரூபாய்தான். எல்லா எண்ணும் இதே மாதிரி சுருங்கியிருந்தால் கூட்டல் சரியாக வந்துவிடும். கூட்டலைப் பார்க்கும் சோதனைக்கு இது தெரியாது. தணிக்கையாளர்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம் ஆர்டிஎஃப். ‘இந்தக் கம்பெனி – தாய் நிறுவனம் – அந்தக் கம்பெனி’ என்று ஒவ்வொரு தகவலையும் மூன்று துண்டாக எழுதும் முறை. இப்படி எழுதினால் வெவ்வேறு இடத்துத் தகவல்களைக் கோத்துப் பார்க்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் கம்பெனிக்கு ஒரே அடையாளம் இருக்க வேண்டும். 2008இல் லீமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானபோது அதன் எந்தத் துணை நிறுவனத்திடம் யார் பணம் எவ்வளவு மாட்டியிருக்கிறது என்று உடனே சொல்ல முடியவில்லை. அதற்குப் பின் வந்ததுதான் எழுத்தும் எண்ணுமாக 20 இடம் கொண்ட எல்இஐ என்ற நிறுவன அடையாளக் குறியீடு. 2021 ஏப்ரல் முதல், நிறுவனங்கள் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் என்ற வங்கிப் பணப் பரிமாற்ற முறைகள் வழியாக 50 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் அனுப்ப இது வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டுங்கள்.

வரும் ஆண்டில் உறுப்பினர்களே உட்கார்ந்து ஒரு பேலன்ஸ் ஷீட்டுக்கு முழுதாக டேக் (எக்ஸ்பிஆர்எல் அடையாளம்) போடும் பயிற்சியை நடத்த நிர்வாகக் குழு விரும்புகிறது. இளைய உறுப்பினர்கள் மடிக்கணினியோடு வரவும்.

வகுப்பெடுத்த உறுப்பினர்களுக்கு மனமார்ந்த நன்றி. இவ்வறிக்கையைப் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்