எந்தத் திருப்பத்தூர், ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழோடு வந்த ஆன்மிகச் சுற்றுலா இணைப்பில், "திருப்பத்தூர் திருத்தளிநாதர் கோயிலில் யோக பைரவரைத் தரிசித்துவிட்டு, மாலையில் ஏலகிரி போய்க் காற்று வாங்கலாம்" என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் தாராள மனசுக்காரர். திருத்தளிநாதர் இருப்பது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில். ஏலகிரி இருப்பது, 2019-இல் வேலூரைப் பிரித்து உண்டாக்கிய திருப்பத்தூர் மாவட்டத்தில். இரண்டு ஊருக்கும் நடுவே நேர்கோடு போட்டு அளந்தாலே 250 கிலோமீட்டருக்கு மேல் வரும். மாலைக்குள் ஏலகிரி என்றால் பைரவரின் வாகனத்துக்கே மூச்சு வாங்கும்.

இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அறிந்தவர் ஆசிரியராக இருக்கும் பத்திரிகையில் இப்படி வருகிறதே என்பதுதான் என் வருத்தம்.

சென்னையில் இருக்கும் என் மைத்துனருக்கு உங்கள் பத்திரிகையில் வந்தால் அது வேதம். மனைவியையும் 86 வயது அம்மாவையும் (அதாவது என் மாமியாரை) அழைத்துக்கொண்டு ரயிலேறி, விடியற்காலையில் திருப்பத்தூரில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் பைரவர் கோயிலுக்குப் போகவேண்டும் என்றிருக்கிறார். அவர், "சார், அது காரைக்குடி பக்கத்துத் திருப்பத்தூர். அப்பப்போ இப்படி யாராவது வந்து இறங்கறாங்க" என்றாராம். பிறகு மாமியாரை உட்காரவைத்து டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இந்தக் கதையில் பூகோளம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அன்று மாலை மாமியார் போனில், "மாப்பிள்ளை, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். என்னை யார் கேட்டார்கள்?

கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். 1977-இல் தபால் துறையின் ரயில் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் சேர்ந்து 34 வருடம் கடிதம் பிரித்தவன் நான். ஓடுகிற ரயிலின் மெயில் வேனில் இரவெல்லாம் நின்றபடி, சின்னச் சின்ன அறைகளில் ஊர் ஊராகக் கடிதங்களைப் போடும் வேலை. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்றே வந்துவிட்டது என்றாலும், நான் சேர்ந்த காலத்தில் அதை எழுதாதவர்கள்தான் அதிகம். விவரமானவர்கள் 'திருப்பத்தூர் (வ.ஆ.)' என்று வட ஆற்காட்டைக் குறித்திருப்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் பெறுநர் பெயரைப் பார்ப்போம். வள்ளியம்மை ஆச்சி என்றிருந்தால் தெற்கே போகும் பையில் விழும்; தோல் மண்டி, பீடிக் கம்பெனி என்றிருந்தால் வடக்கே. நாங்கள் தவறியதே இல்லை என்று சொல்லவில்லை. தவறினால் மேலிருந்து விளக்கம் கேட்டுத் தாள் வரும், பதில் எழுதியாக வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஏதும் தாள் உண்டா?

கேட்கக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஆழித்தேர் படத்தைப் போட்டு, கீழே 'திருவள்ளூர்' என்று அச்சிட்டீர்கள். அந்தத் தேர் திருவாரூரை விட்டு எப்போது புறப்பட்டது என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை. அப்புறம் ஒரு கட்டுரையில் மாஹேயைக் கேரளத்தின் மாவட்டமாக்கினீர்கள். அது புதுச்சேரியைச் சேர்ந்தது, சுற்றிலும் கேரளம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று எழுதினேன். அதற்கும் இல்லை. அதே வாரம் சமையல் குறிப்பில் பெருங்காயம் விட்டுப்போனதற்கு மட்டும் பெட்டி கட்டி வருத்தம் தெரிவித்திருந்தீர்கள்.

பத்திரிகையை மட்டும் சொல்லிப் பயனில்லை. என் தங்கை மகன் காரைக்குடி கல்யாணத்துக்குக் கிளம்பிக் காரைக்காலில் போய் இறங்கினான். போனில் 'காரை' என்று தட்டியதும் முதலில் வந்ததைத் தொட்டானாம். தாலி கட்டுவதைக் கடற்கரையில் நின்று வீடியோவில் பார்த்தான். பத்தாவது படிக்கும் என் பேரன் பரீட்சை வரைபடத்தில் காவிரியை அழகாக வரைகிறான். திருச்சியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று காவிரி எந்தத் திசையில் இருக்கிறது என்றால் போனை எடுக்கிறான். மாடிக்கு வாடகை கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் தென்கிழக்கு மூலை எது என்று துல்லியமாகத் தெரிகிறது. அது சமையலறை விஷயம்.

எங்கள் பக்கத்திலேயே, சிறுகனூர் அருகே, திருப்பட்டூர் இருக்கிறது. தலையெழுத்தை மாற்றும் பிரம்மா என்று கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். தமிழில் 'த்'துக்குப் பதில் 'ட்', சிக்கலே இல்லை. ஆங்கிலத்தில் எழுதினால் இதற்கும் அதே எழுத்துகள்தான். 2020-இல் அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்தி உத்தரவு போட்டது. வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி எழுதி ஊரே சிரித்த பிறகு, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். அங்கே யாரோ வெட்கப்பட்டிருக்கிறார்கள், அதுவரை சரி.

என் மகன் ஆறுதல் சொல்கிறான்: 2019 மார்ச்சில் லண்டனிலிருந்து ஜெர்மனியின் டூசல்டார்ஃப் போகவேண்டிய விமானமே, கொடுத்த தாளில் இருந்த தவறால் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் போய் இறங்கியதாம். நடந்ததுதான். ஆனால் அங்கே எரிபொருள் போட்டு, அதே விமானத்தில் எல்லோரையும் டூசல்டார்ஃபில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். என் மாமியாருக்கு அப்படி யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கோயில், சுற்றுலா என்று எழுதும்போது ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மாவட்டத்தையும் பின்கோட்டையும் போடுங்கள். திருத்தளிநாதருக்கு 630211. ஏலகிரிக்குப் போகிறவர்கள் இறங்கும் திருப்பத்தூருக்கு 635601. பன்னிரண்டு இலக்கம்தான், இடம் அடைக்காது. அடுத்த இதழில் திருத்தமும் ஒரு வரி வேண்டும். மணமகள் தேவை விளம்பரங்களுக்கு அடியில் வேண்டாம், என் மாமியார் கண்ணுக்குப் படுகிற மாதிரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
திருச்சி.

பின்குறிப்பு: இதழில் அச்சிட்டிருக்கும் உங்கள் அலுவலக முகவரியில், பின்கோடு ஐந்து இலக்கம்தான் இருக்கிறது. விட்டுப்போனதை நானே உறைமேல் எழுதிவிட்டேன்.