கிலோவுக்கு என்ன விலை என்று ஒரே அளவில் சொல்லுங்கள்

தமிழ்நாடு அரசின் கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் வசிக்கும் இல்லத்தரசி நான். திருமணமான நாள் முதல் வீட்டு மளிகைக் கணக்கை நோட்டில் எழுதி வருகிறேன். பழைய நோட்டுகளில் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் பக்கம் நிறைய ஒரே சிட்டை இருக்கும். அரிசி மூட்டையில் தொடங்கிக் கடுகு, பெருங்காயம் வரை எழுதி முடித்தால் அதன்பின் மாதம் முழுவதும் கடைப் பக்கம் போக வேண்டியிருக்காது. கடந்த மூன்று, நான்கு ஆண்டு நோட்டுகளில் அந்தச் சிட்டையே இல்லை. அதற்குப் பதிலாக, கால் கிலோ, நூறு கிராம், ஒரு பாக்கெட் என இரண்டு நாளைக்கு ஒருமுறை எழுதிய வரிகள் மாதம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. "என்னக்கா, சிட்டை எழுதுறதையே விட்டுட்டீங்க?" என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டார். எங்கள் தெருவில் யாருமே இப்போது எழுதுவதில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. முதலில் சாம்பாரில் துவரம் பருப்பு பாதியாகி, மீதிப் பாதிக்குப் பாசிப் பருப்பு சேர்ந்தது. தாளிக்கப் பயன்பட்ட நல்லெண்ணெய் இட்லிப் பொடிக்கு மட்டும் என்றானது. சீரகமும் மிளகும் ஐம்பது கிராம் பொட்டலமாகச் சுருங்கின. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது பண்ணைப் பசுமைக் கடைகளிலும், பின்னர் நியாய விலைக் கடைகளிலும் அரசு அதை 60 ரூபாய்க்கு விற்றதை நன்றியுடன் நினைவுகூர்கிறேன். ஆனால் அத்தனை விலைபோன தக்காளியைச் சட்னிக்கு அரைக்க மனம் வராமல் தேங்காய்க்கு மாறிய பல வீடுகள், 2025-இல் தேங்காய் விலை ஏறியதும் மறுபடி தக்காளிக்கே திரும்பின.

2024 அக்டோபரில் நாட்டின் சில்லறை உணவுப் பணவீக்கம் 10.87 சதவீதமாக இருந்தது. அதுவே 2025 அக்டோபரில் பூஜ்யத்துக்கும் கீழே, ஏறத்தாழ மைனஸ் 5 சதவீதத்துக்கு இறங்கியது. காய்கறியும் பருப்பும் அந்த ஓராண்டில் இறங்கியது எங்களுக்கும் தெரிந்ததுதான். ஆயினும் மாதச் சிட்டை திரும்பி வரவில்லை. எண்ணெய் இறங்காதது ஒரு காரணம். 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சாச் சமையல் எண்ணெய் மீது 20 சதவீத அடிப்படைச் சுங்க வரி விதித்த அதே வாரத்தில் எங்கள் கடையில் விலை ஏறியது. 2025 மே இறுதியில் அந்த வரி 10 சதவீதமாகக் குறைந்தபோது அதே வேகத்தை நான் காணவில்லை. இன்னொரு காரணம், கொஞ்சமாக வாங்கப் பழகிய வீட்டில் எது மலிவு என்று கண்டுபிடிப்பதே கடினமாகிவிட்டது. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

எண்ணெய், தேயிலை, பிஸ்கட், மாவு போன்றவற்றை இன்னின்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட திருத்தம் அதை நீக்கியது. அதற்கு ஈடாக, ஒவ்வொரு பொட்டலத்திலும் அலகு விலையை அச்சிட வேண்டும் என்ற புதிய விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் அதை எழுதியவர் யாரும் கையில் கூடையுடன் கடையில் நின்று பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு இவ்வளவு என்றும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்கு இவ்வளவு என்றும் போட வேண்டுமாம். அதையும் இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்க வேண்டும். துவரம் பருப்பு 450 கிராம் பாக்கெட் 75 ரூபாய், 500 கிராம் பாக்கெட் 87 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் மீதும் கிராம் 0.17 ரூபாய் என்றே அச்சாகியிருக்கும். கிலோவாகக் கணக்கிட்டால் முதலாவது சுமார் 167 ரூபாய், இரண்டாவது 174 ரூபாய். பருப்புக்கு ஏழு ரூபாய் வித்தியாசம் எங்களுக்குச் சிறிதன்று. அது அந்த 0.17-க்குள் மறைந்து போகிறது.

எண்ணெயில் குழப்பம் இன்னும் அதிகம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை. பக்கத்திலேயே அதே உயரத்தில், அதே நிறத்தில் 850 கிராம் உறை தொங்குகிறது. ஒன்றில் மில்லிலிட்டருக்கு விலை, மற்றொன்றில் கிராமுக்கு விலை. பொடி எழுத்தில், உறையின் மடிப்புக்குள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கே இதை ஒப்பிடக் கைப்பேசி தேவைப்படுகிறது.

அரிசியிலும் இப்படியொரு வேடிக்கை உண்டு. 2022 ஜூலை 18 முதல், அடைத்து விவரச் சீட்டு ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. ஒரு கிலோ கூடுதல், வரி இல்லை. மொத்தமாகப் பணம் கொடுக்க முடிந்தவர் அந்த மூட்டையை வரியில்லாமல் வாங்குகிறார். முடியாதவர் ஐந்து கிலோ பையை வரியோடு வாங்குகிறார். அல்லது கடைக்காரர் மூட்டையைப் பிரித்து அளந்து கொடுப்பதை, எந்த அரிசி, எப்போது அரைத்தது என்று தெரியாமல் வாங்குகிறார்.

எடையளவுச் சட்டத்தை மாநிலத்தில் நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை, விதியை எழுதுவது தில்லி, ஜிஎஸ்டியை முடிவு செய்வது ஜிஎஸ்டி மன்றம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் 'நுகர்வோர் பாதுகாப்பு' என்ற பெயர் உங்கள் துறையிடம்தான் இருக்கிறது. ஆகவே, எந்த அளவுப் பொட்டலமானாலும் கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு மட்டுமே அலகு விலை போட வேண்டும், எண்ணெய்க்கு எடை அல்லது கொள்ளளவு என ஏதேனும் ஒன்றையே அடிப்படையாக வைக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்குத் தாங்கள் எழுத வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் உண்டு. கூட்டுறவுச் சிறப்பங்காடிகள் தங்கள் துறையின் கீழ் இருப்பவை. அங்கே ஒவ்வொரு தட்டின் முன்பும் கிலோ விலையைத் தமிழில், வயதானவர்களும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதி வைக்க எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை.

நியாய விலைக் கடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பும் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் எங்கள் மாதக் கணக்கின் அச்சாணி. அவை வரும் தேதி தெரிந்தால்தான் வெளியே எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்ய முடியும். 2024 மே மாதத்துக்கான பருப்பையும் எண்ணெயையும் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவிக்க நேர்ந்தது. அந்த மே மாதத்தில் "இன்னும் வரலைக்கா" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு நான் வெளிக்கடையில் கால் கிலோ, கால் கிலோவாக நான்கு முறை பருப்பு வாங்கியிருக்கிறேன். நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது, ஒரு கிலோவாக ஒரே தடவை வாங்கியிருந்தால் ஆகும் செலவைவிட அது அதிகம். செயலியில் இருப்பைப் பார்க்கலாம் என்பார்கள். எங்கள் வரிசையில் நிற்கும் பாதிப் பேரிடம் பட்டன் கைப்பேசிதான் இருக்கிறது. பொருள் வாங்கிய பின்பு ஒவ்வொரு முறையும் குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள். பருப்பும் எண்ணெயும் கடைக்கு வந்து இறங்கிய அன்றே அதே எண்ணுக்கு இன்னொன்று அனுப்புங்கள். வராது என்றால் அதையும் மாதத்தின் ஐந்தாம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் சம்பளப் பணம் பிரிக்கப்படுகிறது.

இப்படிக்கு,
மளிகைக் கணக்கு எழுதும் ஓர் இல்லத்தரசி,
மதுரை.