தாளில் கோடு போட்டு அளக்காதே

அன்புள்ள கயலுக்கு,

உன் எம்.எஸ்சி. ஆய்வுத் திட்டத்தைப் படித்தேன். ஒருவர் எவ்வளவு நெருங்கி வந்தால் நமக்குச் சங்கடம் தோன்றுகிறது என்ற தலைப்பு அருமை. அளக்கும் முறைதான் மனசுக்கு ஒப்பவில்லை. தாளில் இரண்டு உருவங்களை வரைந்து கொடுத்து, "எவ்வளவு தள்ளி நிற்பீர்கள்?" என்று கேட்கப்போகிறாய். 2017இல் வெளிவந்த ஆய்வில் 42 நாடுகளில் ஏறத்தாழ 9,000 பேரிடம் அப்படித்தான் கேட்டார்கள். அத்தனை பேருக்கு வேறு வழியில்லை. உனக்கு 40 பேர், ஒரு வகுப்பறை. ஆளையே நிற்கவைத்து அள. யோசித்துச் சொல்லும் தூரமும், எதிரே ஆள் வரும்போது உடம்பு கேட்கும் தூரமும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. லெஸ்லி ஹேடக் இந்தத் துறையின் ஆய்வுகளை 1978லும் 1983லும் அலசி, தாள் முறைகளை நம்பவேண்டாம் என்று அழுத்திச் சொன்னார்.

மூன்று மீட்டர் தள்ளி இருவரையும் எதிரெதிரே நிறுத்து. ஒருவர் மெதுவாக, ஒரே சீராக நடந்து வரட்டும். நிற்பவரிடம், "சங்கடம் தோன்றிய உடனே நில்லுங்கள் என்று சொல்லுங்கள்" என்று சொல். 'இதற்கு மேல் தாங்காது எனும்போது' என்று நீ மாற்றிச் சொன்னால் வேறு எண் வரும். அதனால் வாசகத்தை எழுதிவைத்து, எல்லோருக்கும் அதையே படி. நின்றதும், "கொஞ்சம் முன்னே பின்னே நகரட்டுமா?" என்று கேட்டுத் திருத்திக்கொள்ளவிடு. ஒவ்வொருவருக்கும் நான்கு தடவை செய். பிறகு அவரே நடந்துபோய் நிற்கட்டும். இரண்டையும் கலந்து சராசரி போடாதே. தான் நெருங்கும்போது விடுவதைவிட, பிறர் நெருங்கி வரும்போது மனிதர்கள் கூடுதல் இடைவெளி கேட்கிறார்கள்.

எங்கிருந்து எங்கே அளப்பது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஷூ நுனியிலிருந்து அளந்தால் ஷூவின் நீளமும் சேர்ந்துவிடும். முன்னே சாய்ந்து நிற்பவரின் முகம் எங்கோ இருக்கும். முகவாயிலிருந்து முகவாய்க்கு அள. லேசர் மீட்டரை முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை முகவாய்க்கு நேரே தொங்கவிட்டு, அது தரையில் காட்டும் இடத்தைச் சாக்பீஸால் குறி. இருவருக்கும் குறித்தபின் நடுவில் டேப் பிடி. தரையில் டைல்ஸ் இருந்தால் அதன் கோட்டைப் பார்த்தே நின்றுவிடுவார்கள். கோடில்லாத விரிப்பைப் போடு. அறையின் மூலையில் யாரையும் நிறுத்தாதே, தூரம் கூடிவிடும். கண்ணைப் பார்ப்பதா, வேண்டாமா என்பதையும் முன்பே முடிவு செய். பார்வை விழுந்தாலே பலரும் விலகி நிற்பார்கள்.

முகவாய்க் கணக்கில் அளந்ததில் 2009இல் கென்னடியும் அடால்ப்ஸும் சேர்ந்து செய்த ஆய்வை அவசியம் படி. மூளையில் பயத்தை உணரவைக்கும் பகுதியான அமிக்டலா இரு பக்கமும் சேதமான எஸ்.எம். என்ற பெண்ணுக்குச் சராசரி 34 சென்டிமீட்டர் போதுமாக இருந்தது; ஒப்பிட எடுத்தவர்களுக்கு 64. மூக்குத் தொட நின்றபோதும் தனக்குச் சங்கடமே இல்லை என்றார் அவர். பிறர் நெருங்கினால் உடம்பில் மணி அடிப்பது எங்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் எனக்குத் தெரியாது.

முதுகுப் பக்கமும் அளக்க முடிந்தால் நல்லது. 1970இல் கின்சல் என்ற மனநல மருத்துவர் அமெரிக்கச் சிறையில் எட்டுத் திசைகளிலும் அளந்தார். வன்முறையில் ஈடுபட்டவர்கள் முன்னால் கேட்டதைவிடப் பின்னால்தான் அதிக இடம் கேட்டார்கள். வருபவர் செருப்பைக் கழற்றட்டும், சத்தம் தூரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

யார் எவ்வளவு தள்ளி நிற்பார்கள் என்று மானிடவியலாளர் எட்வர்டு ஹால் 1966இல் எழுதிய 45, 120, 360 சென்டிமீட்டர் எல்லைகளை அளவுகோலாக வைக்காதே. அவை பெரும்பாலும் அமெரிக்க வடகிழக்குக் கரையோர நடுத்தர வர்க்கத்தாரைக் கவனித்து எழுதியவை. அதை அவரே சொல்லியிருக்கிறார். நம் ஊரில் ஆண்-ஆண், பெண்-பெண், ஆண்-பெண் ஜோடிகளைத் தனித்தனியாகப் பட்டியலிடு, முன்பே அறிமுகமா என்றும் குறி. நடந்து வர ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போதும்; கடைசிவரை அவர்களை மாற்றாதே, அவர்கள் உயரத்தையும் எழுது.

முதல் ஐந்து பேரின் எண்களை அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா