பிள்ளைக்கு, உன்ரை ஸ்டீரியோ கணிப்புத் தாளைப் பற்றி

அன்புள்ள பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். உன்ரை சுகத்தைத்தான் அறியேல்லை. அம்மா குசினிக்குள்ளையும் ஃபோனோடைதான் நிக்கிறா. அது கிடக்கட்டும்.

ஆழம் தெரியிற ஸ்டீரியோப் படத்துக்கு ரெண்டு படம் எடுக்கேக்கை கமராவை எவ்வளவு பக்கத்துக்குத் தள்ளோணும் எண்டு கணிக்கிற உன்ரை எக்செல் தாளையும், அதைப் பாவிச்ச படக் குழுவிலை உள்ளவை சொன்ன குறையளையும் வடிவாய்ப் பாத்தன். சமன்பாடு சரி. உன்ரை வயசிலை இதை இவ்வளவு துப்புரவாய் எழுத எத்தினை பேருக்கு ஏலும்? ஆனால் அனுமதிக்கிற விலகலை, அதாவது ரெண்டு படத்துக்குமிடையிலை கிட்டப் பொருள் தூரப் பொருளை விட எவ்வளவு கூட நகரலாம் எண்டதை, படம் விழுற சென்சரிலை 1.2 மி.மீ. எண்டு பூட்டி வைச்சிட்டியே! அது 36 மி.மீ. அகலச் சென்சரின்ரை முப்பதிலை ஒண்டு, வேறை கமராவுக்குப் பொருந்தாது. ஃபோனாலை எடுத்த பெடியன் லென்ஸிலை கிடந்த 5.6 மி.மீ. குவியத்தூரத்தைப் போட்டிருக்கிறான். கிட்டப் பொருள் 2 மீற்றர், பின்னுக்கு வானம். கமராவை 43 சென்ரிமீற்றர் தள்ளச் சொல்லுது உன்ரை தாள். 36 மி.மீ. சென்சருக்குச் சமானமான 26 மி.மீ. குவியத்தூரத்தைப் போட்டிருந்தால் 9 சென்ரிமீற்றர்தான் வரும். கண் நோகுது எண்டு அவன் எழுதினது நக்கலுக்கில்லை. சென்சர் அகலத்துக்கு ஒரு பெட்டி வை, முப்பதாலை பிரிக்கிறதைத் தாளே செய்யட்டும்.

தூரப் பொருளின்ரை பெட்டியை வெறுமையாய் விட்டால் தாள் பிழை காட்டுது. தூரங்களைத் தலைகீழாக்கு: ஒண்டைக் கிட்டத் தூரத்தாலை பிரிச்சு, அதிலையிருந்து ஒண்டின் கீழ் தூரத் தூரத்தைக் கழி. வானம் எண்டால் கழிக்கிறது பூச்சியம். விலகலைக் குவியத்தூரத்தாலை பிரிச்சு, வாறதை இந்த மிச்சத்தாலை பிரி. கோட்டைச் சுவர் மாதிரித் தட்டையான பொருளுக்கு மிச்சம் சின்னனாகி விடை ஊதிப்போகும். 50 மி.மீ. லென்ஸ், 2 மீற்றரிலையிருந்து 2.1 மீற்றர் வரை எண்டால் ஒரு மீற்றர் தள்ளச் சொல்லும்! விடை கிட்டத் தூரத்தின்ரை பத்திலை ஒண்டைத் தாண்டினால் பெட்டி சிவக்கட்டும்.

செவ்வரத்தம்பூப் படத்திலை ஆழம் கூடிப்போச்சு எண்டதும் நியாயம்தான். கிட்டக் குவிக்கேக்கை லென்ஸ் சென்சரை விட்டு முன்னுக்கு வரும், அப்ப குவியத்தூரம் மட்டும் போதாது. 20 தொடக்கம் 25 சென்ரிமீற்றருக்கு 50 மி.மீ. லென்ஸிலை உன்ரை தாள் 24 மி.மீ. எண்டுது. ஒண்டின் கீழ் குவியத்தூரத்திலையிருந்து, அந்த ரெண்டு தலைகீழ் எண்ணின்ரை சராசரியைக் கழிச்சு, குவியத்தூரத்தாலை பிரிக்கிறதுக்குப் பதிலாய் வாறதாலை விலகலைப் பெருக்கிப் பார், 18.6 மி.மீ. வரும்.

சிவப்பு-நீலக் கண்ணாடி போட்டுப் பாக்கேக்கை நல்லூர் மதில் படம் மினுங்குறதுக்கு நீ பொறுப்பில்லை. காவிப் பட்டை சிவப்புக் கண்ணாடிக்குள்ளாலை வெளிச்சமாயும் மற்றதுக்குள்ளாலை கறுப்பாயும் தெரிஞ்சால் ரெண்டு கண்ணும் சண்டைதான் பிடிக்கும். ரெண்டு படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிப்போட்டுச் சேர்க்கச் சொல்லு.

இனிமேல் "நல்லாயிருக்கு", "சரியில்லை" எண்டு எழுதுறவையிட்டை நாலு எண் கேள்: கிட்டத் தூரம், தூரத் தூரம், குவியத்தூரம், கமரா தள்ளின அளவு. பிறகு படத்திலை அளக்கச் சொல்லு. ரெண்டையும் ஒண்டுக்கு மேலை ஒண்டு வைச்சு, தூரப் புள்ளியைப் பொருத்தினால், கிட்டப் புள்ளி எத்தினை பிக்சல் விலகி நிக்குது? 6000 பிக்சல் அகலத்துக்கு முப்பதிலை ஒண்டான 200தான் எல்லை. படத்தைப் பாதி அகலமாய் வெட்டினால் அதே 200 பதினைஞ்சிலை ஒண்டாகிப்போம், இதை ஆரும் யோசிக்கிறேல்லை.

குறை சொன்னவைக்குப் பதில் எழுது. ஒரு தாளைக் குறை சொன்னதுக்காய் ஒரு பிள்ளை வீட்டோடையும் கதைக்காமல் இருக்குமோ எண்டு அம்மா கேக்கிறா. வேலை கூட எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். வேலை எப்பிடிப் போகுது எண்டு நான் கேக்கேல்லை.

முதல் சென்சர் அகலப் பெட்டியை வை, மற்றதெல்லாம் பிறகு.

சின்னமாமா அங்கை வாறார். ஒடியல் மாவும் வேப்பம்பூ வடகமும் குடுத்துவிடலாம் எண்டு அம்மா கட்டி வைச்சிருக்கிறா. விலாசம் பழைய விலாசம்தானே? அதையெண்டாலும் எழுது.

அப்பா